பின்கதவு ஓரத்து ஒட்டு

எங்கப்பாவுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. நசுங்கிய காரை நசுங்காத காராக மாற்றுவது. கடை வாசலில் 'டிங்கரிங்' என்று எழுதியிருக்கும். உள்ளே இரண்டு கார் நிற்கலாம். மூன்றாவது வந்தால் அதன் பின்பக்கம் தெருவில் துருத்திக்கொண்டு நிற்கும். போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள், அப்பாவைத் திட்டிக்கொண்டே. அப்பாவுக்கு அது கேட்காது. இருபத்து மூன்று வருடம் தகடு தட்டிய காது அது. திட்டு கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகத் திட்ட வேண்டும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

வேலை முடிந்ததும் அவர் வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. வண்டிக்காரரைக் கண்ணை மூடச் சொல்லி, அவர் உள்ளங்கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைப்பார். "எங்க அடிபட்டிருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்பார். அவர் தடவு தடவென்று தடவுவார். கண்டுபிடிக்க முடியாது. அப்போது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவார்.

இத்தனை வருடத்தில் கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள். ஸ்கூட்டரைச் சுவரில் இடித்துவிட்டுக் கொண்டுவந்த ஒரு பெண். கையை நேராக அந்த இடத்தில் வைத்து, "இங்கதான்" என்றாளாம். அப்பா ஆடிப்போய்விட்டார். "எப்படிங்க தெரிஞ்சது?" என்று கேட்டிருக்கிறார். "நான் கண்ணை மூடவே இல்லையே" என்றாளாம் அவள். அந்தப் பெண்தான் என் அம்மா. அதற்குப் பிறகும் அவர் எதையும் அம்மாவிடம் மறைக்க முடியும் என்று நம்பிக்கொண்டிருப்பது அவருடைய வெள்ளை மனசு.

அப்பா எப்படி விமானத்தில் போய் மாட்டினார் என்றால், ஒரு பல் டாக்டரால். டாக்டர் தன் காரைத் தன் வீட்டு கேட்டிலேயே இடித்துக்கொண்டு வந்தார். அப்பா சரிபண்ணினார். பரீட்சையும் வைத்தார். டாக்டர் கண்ணை மூடியபடியே ரொம்ப நேரம் தடவிவிட்டு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எங்ககிட்ட ஒரு வண்டி இருக்கு. ரொம்ப அடிபட்டிருக்கு. இங்க கொண்டு வர முடியாது. நீங்க வந்து பாப்பீங்களா?"

"என்ன வண்டி சார்?"

"ரெண்டு எஞ்சின். வெயிட்டு எட்டு டன் இருக்கும்."

"லாரியா?"

"பறந்துட்டு இருந்துச்சு" என்றார் டாக்டர். "இப்ப நிக்குது."

ஊருக்கு வெளியே, மூடிப்போன விமானத் தளத்தின் கடைசியில் ஒரு கொட்டகை. உள்ளே மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தது அது. ராணுவத்தில் மூட்டை சுமந்த விமானம். சிப்பாய், மருந்து, தபால், கூடாரம், ஒருமுறை ஒரு கழுதை என்று முப்பது வருடம் ஏற்றி இறக்கியிருக்கிறது. ஓய்வு கொடுத்த பிறகு இருபது வருடம் மழையில் நின்றிருக்கிறது. எஞ்சினுக்குள் குருவிக் கூடு, இறக்கைக்குள் குளவிக் கூடு. அதைப் பழையபடி ஆக்குவதற்கென்று ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வருவார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூலி தரவில்லை. டாக்டர், ஓட்டுநர் அறைக்குள் உட்கார்ந்து, பல் நோண்டிப் பழசாகிப்போன கம்பிகளால் மீட்டர்களின் அழுக்கை நோண்டுவார். பழக்க தோஷத்தில், "கொஞ்சம் கஷ்டமா இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று மீட்டரிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் குண்டம்மா.

அப்பா முதல் நாள் குண்டம்மாவை ஒரு சுற்று சுற்றிவந்தார். தொடவில்லை. இரண்டாவது சுற்றில் தொட்டார். மூன்றாவது சுற்றில் சட்டைக் கையை மடக்கிவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற கிழமையே இல்லாமல் போய்விட்டது.

"ஆறு நாள் கார், ஏழாவது நாள் ப்ளேன்" என்பாள் அம்மா. "அடுத்து யாராவது கப்பலை இடிச்சுக்கிட்டு வருவாங்க, அதுக்கும் போவாரு."

ஆனால் அம்மாவுக்கும் உள்ளூர சந்தோஷம்தான். ஞாயிறு சாயங்காலம் அவர் வரும்போது மூக்கு நுனியில் கிரீஸ் இருக்கும், அது இருப்பது தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பார். வாரம் பூராவும் நாலு வார்த்தை பேசுகிற மனுஷன். அலுமினியம் இரும்பு மாதிரி இல்லையாம். இரும்பைத் தட்டலாம், அலுமினியத்தைக் கெஞ்ச வேண்டுமாம். ஓங்கி அடித்தால் கோபித்துக்கொண்டு கிழிந்துவிடுமாம். "உன்னை மாதிரியே" என்று அம்மாவிடம் சொல்லி, அவர் மட்டும் சிரித்துக்கொண்டார்.

அந்தக் கொட்டகையை ஆண்டவர் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதே கணக்கு டீச்சர்கள் இல்லாத இடத்துக்குப் போகலாம் என்றுதான். அப்பா என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட இழுத்துப் போனார். அங்கே போனால் இவர் நிற்கிறார், கையில் அட்டையும் பென்சிலுமாக.

டீச்சர் போட்ட சட்டங்கள் இரண்டு. ஒன்று: குண்டம்மாவிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றினாலும் அதைப் பையில் போட்டு, அட்டை கட்ட வேண்டும். என்ன பொருள், எந்த இடம், எந்தத் தேதி, கழற்றியது யார். எதையும் எறியக் கூடாது. இரண்டு: மழையில் நின்று கெட்டுப்போனதைச் சரிபண்ணலாம், பறந்த காலத்தில் பட்ட அடியைத் தொடக் கூடாது.

இரண்டாவது சட்டம் அப்பாவுக்குத் தொண்டையில் முள்.

"எது எந்த அடின்னு எப்படி டீச்சர் தெரியும்? அதுகிட்டயா கேக்கறது?"

"என்கிட்ட கேளுங்க, டிங்கர்" என்பார் டீச்சர். அவரிடம் ராணுவம் கொடுத்த பழைய பதிவேடுகள் இருந்தன. "இது மேட்டுல இறங்கும்போது கல்லு பட்டது, விட்டுடுங்க. அது இங்க நின்னப்போ மரக்கிளை விழுந்தது, தட்டிக்கோங்க."

சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு முன்னால் பார்சல் ஆபீஸ்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷனாம். துருப்பிடித்த கம்பிவலை ஒன்றைக் குப்பை என்று நினைத்துப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார். டீச்சர் சத்தம் போடவில்லை. "நீங்க நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஆள் வேலி ஓரமாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போவதை டாக்டர் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறார்.

இப்போது அந்த ஒட்டு.

குண்டம்மாவின் பின்கதவுக்குப் பக்கத்தில், இரண்டு சாண் அகலத்தில், ஒரு தகடு ஒட்டுப் போட்டிருந்தது. கோணலாக. தபால் உறையில் அவசரத்தில் ஒட்டிய தபால்தலை போல. ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கும். தகட்டைப் பிடித்திருந்த ரிவெட் வரிசை குடித்துவிட்டு நடந்த மாதிரி போகும். உள்ளே ஏறி இறங்க அந்த ஒரு கதவுதான். அப்பா ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதைப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார். அழகான முகத்தில் பல்லிடுக்கில் கீரை மாட்டியிருந்தால் பார்க்கிறவருக்கு இருக்குமே ஒரு அவஸ்தை, அது.

டீச்சரிடம் கேட்டுப் பார்த்தார். டீச்சர் பதிவேட்டைப் புரட்டினார். அந்த வருடத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது.

"தெரியற வரைக்கும் கை வைக்காதீங்க."

"எப்பத் தெரியும்?"

"தெரியறப்போ."

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வரவில்லை, யாரோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம். டாக்டர் முன்பக்கம் மீட்டருக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். நான் டாக்டரின் கருவிப்பெட்டிக்குள் ஒரு ரப்பர் பல்லியைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ட்ரில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா ஒட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் பல்லியைப் பார்த்தேன். குடும்பம் என்றால் அப்படித்தான்.

ஒட்டுக்கு அடியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழிசல். அதை நறுவிசாக வெட்டி, புதுத் தகடு பதித்து, பழைய ரிவெட் ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, சாயம் கலந்து அடித்து, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். கையை வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுவாரம் டீச்சர் அந்தக் கதவில் பத்து முறை ஏறி இறங்கினார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா அன்று பூராவும் தனக்குள் சிரித்துக்கொண்டே இருந்தார். தேள் கொட்டிய திருடன் கேள்விப்பட்டிருக்கிறோம். இது தேன் குடித்த திருடன்.

அப்புறம் போன மாதம், டீ குடிக்கும் நேரத்தில், டீச்சர் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தார். எழுதியது ஒரு பெண். அவளுடைய அப்பா அந்த விமானத்தில் ஃபிட்டராக இருந்தவர். எண்பத்து மூன்று வயது. கண் மங்கிக்கொண்டு வருகிறது. ஒரு வெள்ளத்தின்போது, ஆற்றோரத் தளத்தில், மிதந்துவந்த மரக்கட்டை ஒன்று குண்டம்மாவின் பின்பக்கத்தைக் கிழித்துவிட்டது. உள்ளே பதினேழு நோயாளிகளும் இரண்டு கர்ப்பிணிகளும் காத்திருந்தார்கள். கொட்டுகிற மழையில், ஒருவர் தலைக்கு மேல் மழைக்கோட்டைப் பிடித்துக்கொள்ள, உதிரிப்பாகப் பெட்டியின் மூடியை வெட்டி நாற்பது நிமிடத்தில் ஒட்டுப் போட்டார் ஃபிட்டர். ஊருக்குப் போனதும் ஒழுங்காக மாற்ற வேண்டும் என்று அதிகாரி சொன்னார். யாரும் மாற்றவில்லை. அந்த ஒட்டோடு அது இன்னும் பதினொரு வருடம் பறந்தது. 'அந்த ஒட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால், பார்வை முழுசாகப் போவதற்குள் அப்பா ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்' என்று முடிந்திருந்தது கடிதம்.

"பாத்தீங்களா டிங்கர்" என்றார் டீச்சர், முகமெல்லாம் பூரிப்பாக. "அன்னைக்கே சொன்னேன், கை வைக்காதீங்கன்னு. நல்லவேளை. இருக்கு, வாங்கன்னு நேத்தே போன் பண்ணிட்டேன். அடுத்த ஞாயிறு வராங்க."

அப்பா வாயைத் திறந்தார். அதில் டீயை ஊற்றினார். மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். சொன்னார் என்றால், அரை மணி நேரம் வேறு எதையெல்லாமோ சொல்லிவிட்டு, கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"சரி. அந்தத் தகடு எங்க? அதையாவது அட்டை கட்டி வச்சீங்களா?"

அப்பா தலையை மட்டும் மெல்லத் திருப்பினார். நானும் அம்மாவும் அவர் பார்த்த பக்கம் பார்த்தோம்.

குளியலறைக் கதவு.

கதவின் அடிப்பக்கம் தண்ணீர் பட்டு உளுத்துப்போயிருந்தது. அதற்கு ஒரு தகடு அடித்துக் கொடுங்கள் என்று அம்மா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அடித்துக் கொடுத்தார். "பரவாயில்லையே" என்று அம்மா பாராட்டி, கதவோடு சேர்த்து அதற்கும் நீலப் பெயிண்ட் பூசினாள். நாலு மாதமாக நாங்கள் மூன்று பேரும் காலால் உதைத்துத் திறந்துகொண்டிருந்தது, பத்தொன்பது பேரை வெள்ளத்திலிருந்து தூக்கி வந்த தகடு.

அம்மா துணியைக் கீழே வைத்தாள். "துருப்பிடிக்காத தகடுன்னு பெருமையா வேற சொன்னீங்களே."

"பிடிக்கலையே" என்றார் அப்பா, பாவமாக.

"பார்சல் ஆபீஸ்காரர் கம்பிவலையைத்தான் போட்டாரு. நீங்க எங்க போட்டிருக்கீங்க பாருங்க."

மறுநாள் கழற்றினோம். நாலு மூலையிலும் நாலு ஆணி ஓட்டை. அப்பா பஞ்சில் பெயிண்ட் கரைக்கும் மருந்தைத் தொட்டுத் தொட்டு நீலத்தை எடுத்தார். மூன்று நாள் ஆயிற்று. அடியில் பழைய பச்சை, இங்கும் அங்கும் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அந்த வாரம் கடையில் தட்டுகிற சத்தமே இல்லை. தெருவே வந்து எட்டிப் பார்த்தது, ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரும் வேலிக்கு வெளியே நிற்கும் ஆள் ஆகிவிடுவார். ஞாயிறு சாயங்காலத்து அந்த நாலாயிரம் வார்த்தை போய்விடும். அதனால் நான் யோசனை சொன்னேன். தில்லுமுல்லு என் துறை, அதில் நான் கை தேர்ந்தவள்.

"திருப்பி அதே இடத்துல மாட்டிடலாம்பா. நாலு ஓட்டையை அடைச்சிட்டா யாருக்குத் தெரியும்? பெரியவருக்குக் கண்ணு வேற தெரியாது."

அப்பா ஓட்டைகளைப் பார்த்தார். அடைப்பது அவருக்கு அரை மணி வேலை. சனிக்கிழமை மத்தியானம் தகட்டைப் பட்டறையில் மாட்டி, சின்னச் சுத்தியலை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொண்டுவந்த அம்மா நின்று பார்த்தாள்.

"அடைச்சிடுவீங்க. அதுல சந்தேகமே இல்ல" என்றாள். "அந்தப் பெரியவரும் தடவிப் பாத்துட்டு, ஆமா இதேதான்னு சொல்லி உங்க கையைப் பிடிச்சுக்குவாரு. அதைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா உங்களால?"

அப்பா சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முடியாது."

"அப்புறம் என்ன கேள்வி?"

"நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கலையே."

"சுத்திகிட்ட கேட்டுட்டு இருந்தீங்க. அது பதில் சொல்லாது, அதான் நான் சொன்னேன். சாப்பிடுங்க."

ஞாயிறு காலை மூன்று பேரும் போனோம். அம்மா அங்கே வந்தது அன்றுதான் முதல் தடவை. தகடு ஒரு பழைய துண்டில் சுற்றி அப்பா மடியில் இருந்தது. டீச்சரிடம் முதலில் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். போய்ப் பார்த்தால் ஃபிட்டர் எங்களுக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒல்லியான மனுஷன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் அவர் மகள். டீச்சர் அவரைக் கைபிடித்துப் பின்கதவுப் பக்கம் அழைத்துப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க டிங்கர், சரியான நேரம். இவர்தான் சார் எங்க தகடு வேலைக்காரர்."

அப்பா துண்டைப் பிரித்தார். தகட்டை ஃபிட்டரின் மடியில் வைத்தார். "ஐயா, உங்க ஒட்டு அங்க இல்ல. இதோ இருக்கு. நான்தான் கழட்டிட்டேன். அசிங்கமா இருக்கேன்னு கழட்டிட்டேன். யாரும் சொல்லல, டீச்சர் வேணாம்னுதான் சொன்னாங்க."

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். பதிலே வராத கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஃபிட்டர் தகட்டின் ஓரத்தில் விரலை ஓட்டினார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்துவிட்டு, மூலையில் விரலை நிறுத்தினார்.

"இருபத்தி ரெண்டு ரிவெட்டு அடிச்சேன். இருபத்தி ரெண்டு ஓட்டை சரியா இருக்கு. மூலைக்கு ஒண்ணா இன்னும் நாலு இருக்கே, அது யாருது?"

"பாத்ரூம் கதவு ஆணிங்க" என்றார் அப்பா.

"எந்த பாத்ரூம்?"

"எங்க வீட்டு பாத்ரூம்."

கொட்டகையில் குருவி கத்துவது கேட்டது. முதலில் சிரித்தது ஃபிட்டரின் மகள். அடக்கப் பார்த்து, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னாச்சு?" என்றார்.

"எத்தனை நாளு?" என்றார் ஃபிட்டர்.

"நாலு மாசம்."

"தண்ணி உள்ள போச்சா?"

"சொட்டுகூடப் போகலைங்க" என்றாள் அம்மா, முன்னால் வந்து.

"போகாது" என்றார் ஃபிட்டர். அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

பிறகு அவரை விமானத்துக்கு அழைத்துப் போனோம். அவர் தன் கையால் பின்கதவு ஓரத்தைத் தடவினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, உள்ளங்கையால், பிறகு நகத்தால். அப்பா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் அவர் வைத்த பரீட்சை. இந்த ஒரு முறை யாராவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று அவர் வேண்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் ஃபிட்டர்.

அப்பா அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

"நல்ல வேலை, தம்பி. என்னால முடியாது இந்த வேலை." கையை அங்கேயே வைத்திருந்தார். "ஆனா இங்க நான் இல்ல."

"திருப்பிப் போட்டுடலாங்க. இன்னைக்கே. அதே இடத்துல" என்றார் அப்பா. டீச்சரைப் பார்த்தார். "டீச்சர் சொன்னா."

டீச்சர் தன் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுதினார். என்ன பொருள், எந்த இடம், எந்தத் தேதியில் கழற்றப்பட்டது. "கழட்டினது யாரு?" என்று கேட்டார், தெரியாத மாதிரி. அப்பா சொன்னார். "நாலு மாசம் எங்க இருந்துச்சு?" அதையும் அப்பா சொன்னார். அதையும் எழுதினார், குளியலறை என்பது வரைக்கும், முத்து முத்தான கையெழுத்தில். "ஆணி ஓட்டை நாலும் அப்படியே இருக்கணும். அடைக்கக் கூடாது. அதுவும் இதுக்கு நடந்ததுதான்" என்றார். அடுத்த வாரம் வரலாமா கூடாதா என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.

ரிவெட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அடிப்பார். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து, ரிவெட்டின் வாலுக்கு எதிரே ஒரு இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிப்பார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் உள்ளே இருப்பவர் தகட்டைத் தட்டித்தான் பேசுவார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரி. மூன்று தட்டு என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கு.

"கட்டை நான் பிடிக்கிறேன்" என்றார் ஃபிட்டர்.

"அப்பா, உங்க முட்டி" என்றாள் மகள்.

"முட்டி என்ன, ரிவெட்டா அடிக்கப் போகுது?"

நாலு பேர் சேர்ந்து அவரை உள்ளே ஏற்றி, ஒரு மெத்தையைப் போட்டு உட்கார வைத்தோம். அப்பா பழைய இருபத்து இரண்டு ஓட்டை வழியாகவே ட்ரில் போட்டு வழி எடுத்தார், பிறகு ரிவெட்டை வைத்து அடிக்க ஆரம்பித்தார். இரண்டு தட்டு. அடுத்தது. இரண்டு தட்டு. மூன்றாவது ரிவெட்டுக்கு மூன்று தட்டு. பிடுங்கினார். மறுபடி மூன்று தட்டு. மறுபடி பிடுங்கினார். அப்பாவின் வேலையை ஒருவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததே இல்லை. வியர்த்து வழிந்தது, ஆனால் அந்த ஒரு வாரத்தில் இல்லாத ஒரு தெம்பு முகத்துக்கு வந்திருந்தது. கோணல் வரிசை கோணலாகவே போயிற்று. கோணலைக் கோணலாகவே அடிப்பதற்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே, நேராக அடிக்கக்கூட அவ்வளவு பட்டதில்லை.

மூன்று மணிவாக்கில் இருபத்து இரண்டும் முடிந்தது. அப்பா தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டே போய், ட்ரில்லை எடுத்து ஒரு மூலையில் வைத்தார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது, தட்டு இல்லை, குரலே. "தம்பி, என் மூக்குக்கு நேரா ஒரு ட்ரில் வருது. கணக்குப்படி வேலை முடிஞ்சு போச்சே. இது எதுக்கு?"

அப்பா பார்த்தார். ஆணி ஓட்டை. ஒரு ஓட்டை சும்மா கிடந்தால் அவர் கை சும்மா கிடக்காது; தலையைக் கேட்காமல் தானாகப் போயிருக்கிறது.

"தெரியாம கை போயிடுச்சுங்க" என்றார்.

டீச்சர் எழுந்து வந்து பார்த்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "போட்டது போட்டாச்சு" என்றார் ஃபிட்டர் உள்ளேயிருந்து. "அதை அப்படியே விட்டுட்டு முதல்ல என்னை இறக்குங்க, காலு மரத்துப் போச்சு."

அவரை இறக்கினோம். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒட்டைத் தடவினார். தூக்கிக்கொண்டிருந்த மூலைக்கு வந்ததும் கை நின்றது. மழையில் அந்த மூலை மட்டும் சரியாகப் படியவே இல்லை, தலைக்கு மேல் கோட்டைப் பிடித்திருந்தவன் தும்மிக்கொண்டே இருந்தான் என்றார். அவன் பெயரைச் சொல்லப் பார்த்தார், வரவில்லை. "வரும்" என்றார். கார் வரைக்கும் நடந்து போகையில் வந்துவிட்டது போல, பாதி வழியில் நின்று மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் கருவிகளைத் துடைத்து வைத்தோம். அப்பா கை கழுவும் தொட்டிக்குப் போனார். டீச்சரும் வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தார். இரண்டு பேரும் கழுவினார்கள். தேவைக்கு மேல் கழுவினார்கள்.

"முன்பக்கம் சாமான் ஏத்தற கதவு, கீலு இறுகிப்போய்க் கிடக்கு" என்றார் டீச்சர், குழாயைப் பார்த்தபடி. "அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஆனா அதுல மூட்டை உரசின தடம் எல்லாம் இருக்கு. சுத்தியே படக் கூடாது. தட்டாம சரிபண்ண முடியுமா உங்களால?"

"தட்டாமலா?" என்றார் அப்பா.

"தட்டாம."

அப்பா கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "பாக்கறேன், டீச்சர்" என்றார்.

வீடு வருகிற வரைக்கும் எண்ணெயை எந்தப் பக்கம் விடுவது, எத்தனை நாள் ஊற விடுவது, சூடு காட்டினால் சாயம் உரியுமா உரியாதா என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மூக்கு நுனியில் கிரீஸ் இருந்தது. அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.